வந்த மண், சொந்த மண்: தமிழவேள் கோ. சாரங்கபாணி

1924ஆம் ஆண்டில், இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அவர் 1903இல் திருவாரூரில் பிறந்தவர். தமிழும் ஆங்கிலமும் நன்கு அறிந்திருந்தார். அக்காலத்தில் இங்கு வந்த பலரைப் போல அவருக்கும் முதலில் வேலை தேவைப்பட்டது. வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கராகச் சேர்ந்தார். பேரேட்டில் வரவு செலவு எழுதிக்கொண்டிருந்த அந்த இளைஞர்தாம் பின்னாளில் தமிழவேள் என்று அழைக்கப்பட்ட கோ. சாரங்கபாணி.

அவர் வந்தபோது சிங்கப்பூர் ஒரு நாடு அன்று. பிரிட்டிஷ் அரசின் கீழ் இருந்த ஒரு துறைமுகக் குடியேற்றம், அவ்வளவுதான். 1819இல் ராஃபிள்ஸ் இங்கு வணிகத் தளம் அமைத்தார். அதே ஆண்டில் பினாங்கிலிருந்து அவருடன் வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை நடத்தினார். துணி வணிகமும் செய்தார். சௌத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்ததற்கு அவரே காரணம். 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டார்கள். சாலை போட்டதும், காடு திருத்தியதும் அவர்களின் கைகளே. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையையும் கட்டியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்தார்கள். துறைமுகத்தில் தமிழர்கள் மூட்டை தூக்கினார்கள். நகராட்சியில் தெருக் கூட்டினார்கள்.

இப்படி நூறு ஆண்டுகள் உழைத்தும் பெரும்பாலோர் இந்த ஊரைத் தம் ஊராக நினைக்கவில்லை. வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கைந்து ஆண்டுகள் உழைப்பது, கடனை அடைப்பது, ஒரு துண்டு நிலம் வாங்குவது, திரும்பிப் போவது என்பதே பலரின் திட்டம். ஆட்சியாளர்களும் அவர்களை வேலைக்கு வந்த ஆட்களாகத்தான் பார்த்தார்கள். ஒரு காலைக் கப்பலில் வைத்துக்கொண்டே வாழ்ந்த சமூகம் அது.

அந்தச் சமூகத்தை இளம் சாரங்கபாணி கூர்ந்து கவனித்தார். ஊரில் இருந்த சாதி வேறுபாடு கப்பலேறி இங்கும் வந்திருந்தது. ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்ண மறுத்தார்கள். உடல் வலியை மறக்கக் கள்ளுக்கடைக்குப் போன தொழிலாளி, கூலியில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பழக்கம் பரவலாக இல்லை. திரும்பிப் போகப்போகிறோம் என்ற எண்ணம் எல்லாவற்றையும் தள்ளிப்போட வைத்தது. எதையும் இங்கே சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நிலையை மாற்ற வேண்டும் என்ற வேகத்தை அவருக்குத் தந்தது தமிழ்நாட்டில் தந்தை பெரியார் நடத்திய சுயமரியாதை இயக்கம். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குப் பயணம் வந்தார். பினாங்கில் தொடங்கிச் சிங்கப்பூர் வரை அவர் பேசிய கூட்டங்கள் பலரை உலுக்கின. சாரங்கபாணி அப்போது இருபத்தாறு வயது இளைஞர். அதே காலத்தில் தொடங்கப்பட்ட முன்னேற்றம் என்னும் இதழின் ஆசிரியர் பொறுப்பு அவருக்கு வந்தது. 1930களின் தொடக்கத்தில் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கத்திலும் அவர் முன்னின்று உழைத்தார். சாதி ஒழிப்பு, மது ஒழிப்பு, விதவை மறுமணம், குழந்தைகளின் கல்வி ஆகியவற்றைச் சங்கம் வலியுறுத்தியது. கோயில்களில் உயிர்ப்பலி இடுவதையும், உடலை வருத்தும் நேர்த்திக்கடன்களையும் எதிர்த்தது. இந்தக் கருத்துகளை எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. கோயிலைச் சுற்றியே வாழ்ந்த சமூகத்தில் இவை கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. சாரங்கபாணி இறுதிவரை பகுத்தறிவாளராகவே இருந்தார். ஆனால் பின்னாளில், சமயத்தால் பிரிந்து நின்றவர்களை மொழியால் சேர்ப்பதில்தான் அவர் அதிக உழைப்பைச் செலவிட்டார்.

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசு வெளிவந்தது. தொடக்கத்தில் அது வார இதழ். சில ஆண்டுகளில் நாளிதழாக வளர்ந்தது. இன்று ஒரு செய்தியைக் கைப்பேசியில் தட்டி நொடியில் அனுப்பிவிடுகிறோம். அன்று ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தால் ஆனது. அச்சுக் கோப்பவர் மரப்பெட்டியின் அறைகளிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரியாக அடுக்கி, பக்கமாகக் கட்ட வேண்டும். தமிழில் எழுத்துகள் அதிகம். ஆகவே அறைகளும் அதிகம், வேலையும் அதிகம். இத்தனை பாடுபட்டு அச்சிட்ட இதழை வாங்கிப் படிக்கும் அளவுக்கு எழுத்தறிவும் வருமானமும் உடையவர்கள் குறைவாகவே இருந்தார்கள். கடை வாசலிலோ குடியிருப்பிலோ படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது அக்கால வழக்கம். விற்றது ஒரு பிரதி என்றால் கேட்டவர்கள் பத்துப் பேர். செய்தித்தாளின் கணக்குப் புத்தகத்துக்கு இது நல்ல செய்தி அன்று. முன்னாள் கணக்கரான சாரங்கபாணிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

தாம் எழுதியவற்றை அவர் தம் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார். 1937இல் லிம் பூன் நியோ என்னும் சீனப் பெண்ணை மணந்துகொண்டார். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரே இனத்துக்குள்ளேயே சாதி விட்டுச் சாதி மணப்பதற்குத் தயங்கிய காலம் அது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. தமிழ் முரசு நின்றது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் பசியும் அச்சமுமாகக் கழிந்தன. சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. மறுபக்கம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் சேர்ந்தார்கள். தோட்டப்புறப் பெண்கள்கூடத் துப்பாக்கி ஏந்தினார்கள். வெள்ளையர் ஆட்சி அசைக்க முடியாதது என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் உடைந்துபோனது.

போர் முடிந்ததும் முரசு மீண்டும் ஒலித்தது. 1946இல் இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழையும் சாரங்கபாணி தொடங்கினார். ஆங்கிலம் படித்த இந்தியர்களுக்கும், தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளர்களுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தது. இரு பக்கமும் பேசக்கூடிய மனிதராக அவர் இருந்தார்.

ஆனால் இப்போது எழுந்த கேள்வி முன்பு இருந்த எந்தக் கேள்வியையும்விடப் பெரியது. 1946இல் மலாயாவிலிருந்து பிரிக்கப்பட்டுச் சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடானது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. அதுவரை சென்னையில் பிறந்தவரும் சிங்கப்பூரில் வாழ்ந்தவரும் ஒரே பிரிட்டிஷ் அரசின் குடிகள். இந்தியா தனி நாடான பிறகு, ஒருவர் இந்தியக் குடிமகனா, சிங்கப்பூரைச் சேர்ந்தவரா என்று கேட்கும் நாள் நெருங்கியது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் தாம் வாழும் நாட்டுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதே பிரதமர் நேருவின் நிலைப்பாடு. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது. 1953 முதல் சிங்கப்பூரிலும் குடிநுழைவு விதிகள் இறுகின. நினைத்தபோது ரஜூலா கப்பலில் ஊருக்குப் போய், நினைத்தபோது திரும்பி வந்த காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது.

கப்பலில் வைத்த காலை எடுத்து மண்ணில் ஊன்றுவதா, மண்ணில் உள்ள காலை எடுத்துக் கப்பலில் வைப்பதா? இதற்கு விடை சொல்லாமல் தமிழர்கள் இனியும் நாள் கடத்த முடியாது என்று சாரங்கபாணி உணர்ந்தார். விடை சொல்வதற்கு முன், அவர்கள் ஒரு சமூகமாக ஒன்றுசேர வேண்டியிருந்தது. சாதிச் சங்கங்கள் இருந்தன. ஊர்ச் சங்கங்கள் இருந்தன. சமயச் சங்கங்கள் இருந்தன. தமிழர் என்ற பெயரில் அரசாங்கத்திடம் பேச ஒரு பொது அமைப்பு வலுவாக இல்லை. 1950களின் தொடக்கத்தில் பல சங்கங்கள் சேர்ந்து தமிழர் பிரதிநிதித்துவ சபையை அமைத்தபோது அதில் அவர் முதன்மைப் பங்கு வகித்தார்.

1952ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது. தீபாவளி இந்துக்களின் பண்டிகை, நோன்புப் பெருநாள் முஸ்லிம்களின் பண்டிகை, கிறிஸ்துமஸ் கிறிஸ்தவர்களின் பண்டிகை. தமிழ் பேசும் எல்லோருக்கும் பொதுவான விழா எது? அறுவடைத் திருநாளான பொங்கலை அப்படி ஒரு விழாவாக ஆக்கலாம் என்று சாரங்கபாணி கருதினார். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பாட்டு, நாடகம், விளையாட்டு எனத் திருநாள் களைகட்டியது. கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும், சிராங்கூன் சாலை இந்துக் குடும்பத்துப் பிள்ளையும், கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே மேடையில் நின்று தமிழில் பேசினார்கள். விழா மலாயாவின் பல ஊர்களுக்கும் பரவியது.

சாரங்கபாணி இந்தியர் என்ற பெரிய குடையை விட்டுத் தமிழர் என்ற சிறு குடையைப் பிடிக்கிறார் என்று அக்காலத்தில் சிலர் குறைபட்டதுண்டு. அந்தக் குறையில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆனால் இங்கிருந்த இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர். அவர்களில் பெரும்பான்மையோர் உழைப்பாளிகள். பெரிய குடையின் கீழ் அவர்களுக்கு எப்போதும் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது.

இளையோருக்காகத் தமிழ் முரசில் மாணவர் மணிமன்ற மலர் வெளிவந்தது. பள்ளி மாணவர்கள் எழுதி அனுப்பிய கதைகளும் கட்டுரைகளும் கவிதைகளும் அதில் அச்சேறின. தம் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்த சிறுவர் சிறுமியரின் மகிழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் பிற்காலத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். ஊருக்குத் திரும்பிப் போகப்போகிறவர்கள் இங்கே எழுத்தாளர்களை உருவாக்க மாட்டார்கள். இங்கேயே வாழப்போகிறோம் என்று எண்ணியவர்கள் செய்த வேலை அது.

அடுத்த போராட்டம் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. 1949இல் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கு இந்திய இயல் துறை அமைக்கத் திட்டமிட்டபோது, எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி வந்தது. இந்தியாவின் பழம்பெரும் மொழி என்ற முறையில் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரலாம் என்ற கருத்து வலுவாக இருந்தது. சாரங்கபாணி இதை ஏற்கவில்லை. இந்நாட்டில் வாழும் இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் பேசும் மொழி தமிழ். அவர்களின் பிள்ளைகள் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்தில் அதற்கே முதலிடம் வேண்டும் என்று முரசில் தொடர்ந்து எழுதினார்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தமிழ் கற்பிக்க வேண்டுமானால் தமிழ் நூல்கள் வேண்டும். நூல்கள் வாங்கப் பணம் வேண்டும். தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் நிதி திரட்டினார். செல்வந்தர் சிலரிடம் பெருந்தொகை வாங்கி வேலையை விரைவாக முடித்திருக்கலாம். அவர் கேட்டதோ ஆளுக்கு ஒரு வெள்ளி. துறைமுகத் தொழிலாளியும், நகராட்சி ஊழியரும், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று அறியாதவர்கள். தாம் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே, பிறர் படிப்பதற்கு நூல் வாங்கிக் கொடுத்தார்கள். 1956இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழ் அதில் முதன்மை பெற்றது. பின்னர் அந்தத் துறை கோலாலம்பூருக்கு மாறியது. அங்கே அதன் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

இதே ஆண்டுகளில் சிங்கப்பூரின் அரசியலும் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1955 தேர்தலுக்குப் பிறகு டேவிட் மார்ஷல் முதல் முதலமைச்சரானார். 1956இல் சீனக் கல்வியை ஆராய்ந்த அனைத்துக் கட்சிக் குழு, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. மக்கள்தொகையில் தமிழர்கள் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர். அவர்களின் மொழி அந்த நால்வரில் ஒன்றாக எண்ணப்பட்டதற்குப் பின்னால், அதைத் தொடர்ந்து பேசியும் எழுதியும் வந்தவர்களின் உழைப்பும் இருந்தது.

1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்குப் பிறந்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். வெளியில் பிறந்து இங்குக் குறிப்பிட்ட காலம் வாழ்ந்தவர்கள், உறுதிமொழி எடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். இனி வாக்குரிமை குடிமக்களுக்கே. சாரங்கபாணி பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த நாள் வந்துவிட்டது.

ஆனால் தமிழர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு தொழிலாளியின் நிலையில் இருந்து பார்த்தால் அது புரியும். அவருடைய தாய் ஊரில் இருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான். பாட்டன் காலத்துக் காணி நிலம் அங்கே இருக்கிறது. இங்கே இருப்பதோ தகரப் பெட்டி ஒன்றும், பலரோடு பகிர்ந்து படுக்கும் இடமும். இந்நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதி கூறினால், பிறந்த மண்ணை மறுத்ததாக ஆகிவிடாதா? ஊரில் ஒரு சாவு என்றால் போக விடுவார்களா? வயதான பிறகு அங்கே போய்க் கண்மூட முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு எளிதான விடை கிடையாது.

மறுபக்கத்தையும் சாரங்கபாணி எடுத்துக் காட்டினார். குடியுரிமை இல்லாதவர் வாக்களிக்க முடியாது. வாக்கில்லாத சமூகத்தின் குரலை எந்த அரசியல்வாதியும் கேட்க மாட்டார். பிரிட்டிஷார் போன பிறகு இந்த நாட்டை நடத்தப்போகிறவர்கள் இங்குள்ள மக்கள்தாம். அந்த மக்களில் ஒருவராக இல்லாதவர், நாளை வேலைக்கும் வீட்டுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் பிறர் தயவை நாடி நிற்க வேண்டிவரும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துக் கட்டிய ஊரில் அந்நியராக நிற்பதா என்பதே அவருடைய வாதம்.

முரசின் பக்கங்களில் குடியுரிமை பற்றிய விளக்கங்கள் தொடர்ந்து வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓர் அரசாங்கப் படிவமே மலைபோலத் தோன்றும். எந்த ஆண்டு வந்தோம், எந்தக் கப்பலில் வந்தோம் என்பதையெல்லாம் பலர் மறந்திருந்தார்கள். தமிழர் பிரதிநிதித்துவ சபையும் முரசும் சேர்ந்து, தயங்கியவர்களுக்குத் துணை நின்று பதிவு செய்ய உதவின. ஒரு செய்தித்தாள் செய்தி சொல்வதோடு நிற்காமல், வாசகரின் கையைப் பிடித்துப் பதிவு மேசை வரை அழைத்துச் சென்றது என்றே சொல்லலாம்.

எல்லோரும் பதிந்துகொள்ளவில்லை. ஊருக்கே திரும்பியவர்களும் உண்டு. முடிவெடுக்காமலே காலம் கடத்திப் பின்னர் வருந்தியவர்களும் உண்டு. ஆனால் பதிந்துகொண்ட ஆயிரக்கணக்கானோருக்கு, 1959ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தல் ஒரு புதிய அனுபவமாக இருந்தது. வாக்களிப்பது முதன்முறையாகக் கட்டாயமாக்கப்பட்ட தேர்தல் அது. அதுவரை பிறர் போட்ட ஆணைகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த துறைமுகத் தொழிலாளி, தன்னை ஆளப்போவது யார் என்பதைச் சொல்ல வரிசையில் நின்றார். அந்தத் தேர்தலுக்குப் பின் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. லீ குவான் இயூ பிரதமரானார்.

அதன் பிறகு வரலாறு இன்னும் வேகமெடுத்தது. 1963 செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிரிந்து தனிக் குடியரசானது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகளாயின. ஒரே வட்டாரமாக எண்ணி இரு பக்கத்துத் தமிழர்களுக்கும் உழைத்த சாரங்கபாணிக்கு, இப்போது நடுவில் ஒரு நாட்டு எல்லை வந்து நின்றது. ஒரு வெள்ளி ஒரு வெள்ளியாகச் சேர்த்த நூல்கள் எல்லைக்கு அப்பால் இருந்தன. திருநாள் மேடைகளில் ஒன்றாகப் பேசிய மாணவர்கள் இரு நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள்.

அந்த ஆண்டுகள் அவருடைய நாளிதழுக்கும் எளிதாக இருக்கவில்லை. 1963இல் ஏற்பட்ட தொழில் தகராற்றால் தமிழ் முரசு ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோனது. தொழிலாளர்களுக்காகப் பல்லாண்டு எழுதிய இதழ், தன் தொழிலாளர்களுடனேயே உடன்பாடு காண முடியாமல் நின்றது அவர் வாழ்வின் கசப்பான பகுதி. முரசு மீண்டும் வெளிவந்தது. ஆனால் வாசகர்களுக்காகப் போட்டியிட வேறு இதழும் வந்துவிட்டது. பணத்தட்டுப்பாடு அவரை விடவில்லை. ஆயினும் இதழை அவரும் விடவில்லை.

1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் சாரங்கபாணி காலமானார். கணக்கர் வேலை தேடிச் சிங்கப்பூர் வந்து இறங்கி அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வந்தபோது இங்கிருந்தது மன்னரின் பெயரால் ஆளப்பட்ட ஒரு குடியேற்றம். அவர் மறைந்தபோது இருந்தது, ஒன்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு குடியரசு. அதன் நாணயத்தாள்களில் சிங்கப்பூர் என்ற பெயர் தமிழிலும் அச்சிடப்பட்டிருந்தது. தமிழ் முரசை அவருடைய குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினார்கள்.